வெள்ளை உடுப்பும் செல்வம் மாமாவும்

பஸ்ஸிலிருந்து நான் இறங்கியதும், சந்தியில் ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த மணியண்ணன் எழுந்து வெளியே வந்து நின்றார்.

அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. வழக்கமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னா தர்ஷி, இன்னைக்கு என்னா வேஷம்?" என்று கேட்பார். அன்று வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

எதிரே சில்லறைக் கடையில் சந்திராக்கா ரேடியோவை நிறுத்தினார். நான் கேட்காமலே ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு, பேசாமல் உள்ளே போனார்.

பரவாயில்லை, ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்திக்கும் நல்ல உடுப்பு என்றால் என்னவென்று புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நான் உடுத்தியிருந்தது இதுதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான சட்டை, அகலமான காற்சட்டை, ஒரு தோளிலிருந்து வழியும் நீளத் துண்டு. எல்லாம் வெள்ளை. காதில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. முடியை விரித்துவிட்டிருந்தேன். கண் மையை வேண்டுமென்றே கீழே கலைத்துவிட்டிருந்தேன்.

அன்று என் மாமா, அம்மாவின் தம்பி செல்வம், பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். பித்தப்பையில் கல். ஒப்பரேஷன் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவரைப் பார்த்துவிட்டுத்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.

மலையகத்து வாசகர்களே, நீங்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

மணியண்ணன் என்னை ஏற்றிக்கொள்ளாமலே ஆட்டோவை முடுக்கி மேலே பறந்தார். அது மட்டும் கொஞ்சம் மனதில் பட்டது.

கறுப்பு, கட்டம், வெள்ளை

தொழிற்சாலை மிச்சத் துணிக் கடைகளைப் பற்றி நான் இந்தப் பத்தியில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "தங்கச்சி, பட்டனை வெட்டி மாத்துறதெல்லாம் சரி. உங்களுக்குப் பிடிச்ச டிசைனர் யாரு?" பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று பத்திரிகை ஆசிரியர் கத்தரிக்கோலோடு காத்திருக்கிறார். ஆகவே பெயரில்லாமல் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் ஒருவர் குடைத் துணி மாதிரியான கறுப்பில் ஒரு கலெக்‌ஷன் செய்தார். நடக்கும்போது பாவாடை குடை விரிகிற மாதிரி விரிந்து, நின்றதும் தானாக மடங்கிவிடும். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கம்பி முறிந்த குடை ஒன்றும் குப்பைக்குப் போவதில்லை.

சென்னைக்காரர் ஒருவர் பெரிய பெரிய கட்டம் போட்ட பருத்திச் சேலைகளை மழைக்கோட்டுகளாக வெட்டினார். கட்டம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. தையல் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். நான் ஒரு தடவை முயன்று பார்த்தேன். என் கட்டங்கள் முதுகில் சண்டை போட்டுக்கொண்டன.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்குக் காரணம். கொழும்பு டிசைனர் ஒருவரின் வெள்ளைக் கலெக்‌ஷன். லினன் துணி, நகை கிடையாது, பூ கிடையாது, விரித்த முடி, கலைந்த மை. இந்தப் பெண்கள் அழுது முடித்துவிட்டு, முகம் கழுவாமல், அப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள் போல இருக்க வேண்டும் என்று அவர் விளக்கம் வேறு சொல்லியிருந்தார்.

அந்த வீடியோவை நான் எங்கள் தண்ணித் தாங்கிப் பாறையில், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் வராது. பாறைக்கு ஏறினால்தான் வரும். மழை தூற ஆரம்பித்த பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டே இருந்த படத்துக்காகக் காத்திருந்தேன். அழுது முடித்தவர்கள் மாதிரி. எவ்வளவு அழகான யோசனை என்று எனக்குத் தோன்றியது.

ஒரே ரோல் துணி

எங்கள் வீட்டில் உடுப்புப் பைத்தியம் என்னிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. அது செல்வம் மாமாவின் சொத்து.

மாமா இளம் வயதில் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் நின்றவர். தீபாவளிக்கு வரும்போது ஒரு ரோல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். ஒரே துணி, ஒரே பூ. அவருக்கும் தாத்தாவுக்கும் சட்டை, அம்மாவுக்கு ரவிக்கை, எனக்கு கவுன், மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரை. அந்த வருடத்துப் படத்தைப் பார்த்தால் குடும்பம் எங்கே முடிகிறது, ஜன்னல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இப்போது பெரிய டிசைனர்கள் குடும்பத்துக்கே ஒரே அச்சில் தைத்து ராம்ப்பில் நடக்க விடுகிறார்கள். நாங்கள் அதை எப்போதோ முடித்துவிட்டோம்.

இப்போது அவர் பதுளை கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குளிக்கப் போனாலும் அயர்ன் செய்த சட்டையில்தான் போவார். என் வெள்ளை உடுப்புக்குத் துணியும் அவர் கொடுத்ததுதான். "ரெண்டு வேட்டி கட்டாமலே கெடக்கு. வெட்டு, பாப்போம்" என்றார். லினன் இல்லை. ஆனால் நான்கு தடவை அலசியதும் லினன் மாதிரி விழுந்தது.

அவருடைய மனைவி பரமேஸ் அத்தை எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. "எங்கப்பாவும் நடந்துதான் போனாரு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். அவருடைய அப்பா எப்படித் திரும்பி வந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாமா வலியில் சுருண்டு படுத்த மாதங்களில் கஷாயம், திருநீறு எல்லாம் நடந்தது. ஒப்பரேஷனுக்கு மட்டும் அத்தை சம்மதிக்கவில்லை. நான்தான் விடாமல் பேசினேன். போனில் படம் காட்டினேன், டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் அத்தை என்னைப் பார்த்து, "சரி. ஒன் பேச்ச நம்பித்தான் அனுப்புறேன்" என்றார்.

அந்த வார்த்தை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உடுப்பு ஞாபகமே வந்தது.

பாக்கெட் எங்கே?

அன்று காலை நான் சாதாரண சுடிதாரில்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். வெள்ளை உடுப்பு பைக்குள் இருந்தது. பதுளையில் என் சிநேகிதி ரம்யா வீட்டில் மாற்றிக்கொண்டு, இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்குப் போனோம். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ரயில் இல்லாத நேரத்தில் அந்த மேடை ஒரு ராம்ப்தான்.

ரம்யா என் போனிலேயே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "பல்லக் காட்டாதடி. அழுது முடிச்ச மாதிரி நில்லு." பெஞ்சில் இருந்த ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் விட்டார். படத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுந்தார் என நினைத்து நன்றி சொன்னேன்.

பார்வை நேரம் வந்துவிட்டதால் உடுப்பை மாற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நேரமில்லை என்பது பாதி உண்மை. கழற்ற மனம் வரவில்லை என்பது மீதி.

வார்டுக்குள் நுழைந்ததும் மாமாவின் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாமா மட்டும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிட்ட வா. தையலப் பாக்கணும்."

மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"ம். வேட்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பாக்கெட் எங்க?"

"இந்தக் கலெக்‌ஷன்ல பாக்கெட் கெடையாது மாமா."

"பாக்கெட் இல்லாம கைய எங்க வைக்கிறதாம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒப்பரேஷனுக்கு ஒன்னு போட்டு விட்டாங்க புள்ள. பின்னால பூரா தொறந்து கெடக்கு. அதத் தச்சவன நான் பாக்கணும்."

நான் சிரித்ததில் நர்ஸ் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லி, மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசி வரை நடந்து திரும்பினார். மூச்சு வாங்கியது. ஆனால் நடந்தார். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அவசரம். பஸ்ஸில் ஏறிப் போனை எடுத்தால், காலையில் எடுத்த படங்களில் சார்ஜ் எல்லாம் தீர்ந்திருந்தது. சுடிதார் ரம்யா வீட்டிலேயே கிடந்தது.

தேயிலை ராம்ப்

சந்தியிலிருந்து எங்கள் லயத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு படிக்கட்டுப் பாதை இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் நான் வெள்ளை. எந்த டிசைனருக்கும் இப்படி ஒரு ராம்ப் வாய்க்காது. தோளை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், சிரிக்காமல், ஒவ்வொரு படியாக மெதுவாக ஏறினேன். வீடியோவில் அந்தப் பெண்கள் அப்படித்தான் நடந்தார்கள்.

பேச்சு நின்றது. ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி கையை அசைத்தார். பெண்கள் கூடைகளை அங்கேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் என் பின்னால் ஏற ஆரம்பித்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ராம்ப்பில் திரும்பிப் பார்க்கக் கூடாது.

வளைவு திரும்பியதும் கொடிகளைப் பார்த்தேன். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு வெள்ளைக் கொடி. எங்கள் லயத்து முன்னால் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தோட்டத்து மரணச் சங்கத்தில் கொடி, நாற்காலி, கூடாரம், தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தல் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். சேதி வந்து தேத்தண்ணி கொதிப்பதற்குள் எல்லாம் ஆகிவிடும். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தவர். நான் பஸ்ஸில் இருந்த நேரத்தில் ஏதோ ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து எப்படியோ தோட்டத்துக்குச் சொல்லிவிட்டார்கள். என் போன் செத்துக் கிடக்கிறது. நடக்க வைத்திருக்கக் கூடாது. ஒப்பரேஷனே கூடாது. ஒன் பேச்ச நம்பித்தான் அனுப்புறேன்.

எங்கேயோ சோடாப் போத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். முடி முகத்தில் அடிக்க, மை வழிய, "மாமா" என்று கத்திக்கொண்டு வாசலுக்குள் போய் விழுந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். அது வரை ஏதோ ஒரு மூலையில் வைத்திருந்த நம்பிக்கையும் அவர் முகத்திலிருந்து போனதை நான் பார்த்தேன். ஓங்கி என் முதுகில் ஒரு அடி அடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"அனுப்ப வேணாம்னேனே. அனுப்ப வேணாம்னேனே."

நான் அழுதேன். அவர் அழுதார். கூடையை விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.

யார் சொன்னது?

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் துக்கத்தோடு வருபவரிடம் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பார்த்தாலே போதும். கேட்பது மரியாதை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன வீட்டுப் பிள்ளை தனியாக, வெள்ளையில், தலையை விரித்துப்போட்டு வந்தால், அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைகள்தான் பாக்கி.

அம்மாதான் கடைசியில் என் முகத்தைத் துடைத்தபடி கேட்டார். "எத்தன மணிக்குடி உசுரு போச்சு? நீ பக்கத்துல இருந்தியா?"

"நான் எப்படிம்மா இருப்பேன்? நான் பாக்கும்போது நல்லாத்தானே இருந்தாரு. நான் அங்கருந்து கெளம்புன பொறகுதானே ஒங்களுக்குச் சேதி வந்துருக்கு."

"எங்களுக்கு எங்கடி சேதி வந்துச்சு? நீதானே சேதி."

அழுகை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல நின்றது.

"கொடி கட்டச் சொன்னது யாரு?" என்று அத்தை கேட்டார்.

"மணியண்ணன்" என்றார்கள் சங்கத்துப் பையன்கள்.

மணியண்ணன் இரண்டு கையிலும் ஒவ்வொரு நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார். "நானா சொல்லுவேன்? இந்தப் புள்ள..."

"நான் ஒன்னும் சொல்லலயே அண்ணே."

"சொல்லலதான்." அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். நாற்காலிகளைக் கீழே வைத்தார். "ஏன் புள்ள, அப்ப இது என்னா?"

நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன்.

"கலெக்‌ஷன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை எழுந்து நின்றார். "போன எடு. யாருகிட்டயாவது போன் இருந்தா எடு. அவர் பேசணும். அவர் வாயால பேசணும்."

மொத்தத் தோட்டமும் தண்ணித் தாங்கிப் பாறைக்கு ஏறியது. மணியண்ணனின் போனில், மாமாவின் எண்ணை அத்தை சொல்லச் சொல்ல, நான் அழுத்தினேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் யாரும் எடுக்கவில்லை. அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன.

மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். இரைச்சல். பிறகு, "ஹலோ, யாரு? நடந்துட்டு இப்பத்தான் கட்டிலுக்கு வந்தேன். என்னா அவசரம்?"

அத்தை அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன். உடுப்பு, சந்தி, கொடி, நாற்காலி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. தையல் பிரிந்துவிடும் என்று சிரிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தாராம்.

"கூட்டம் நல்ல கூட்டமா?" என்று கேட்டார்.

"நெறைய பேரு மாமா."

"ஒங்கத்த அழுதாளா?"

போனை அத்தையிடம் கொடுத்தேன். அத்தை அதைக் காதில் வைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்கு வாங்க, வந்து கேளுங்க" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். அதன் பிறகுதான் பாறை முழுக்கச் சிரிப்பு. கங்காணி மட்டும் கூடைகளை நினைத்துக்கொண்டு கீழே ஓடினார்.

மரணச் சங்கத்தின் பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஏற்கெனவே கொதித்திருந்தது. அதை வீணாக்க முடியாது என்று எல்லாரும் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்து குடித்தோம். கட்டிய கொடியைச் சும்மா அவிழ்க்கக் கூடாது என்று யாரோ சொல்ல, மாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து அவிழ்த்தார்கள். செத்தார் என்று சேதி வந்தவருக்கு ஆயுசு கெட்டி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் குடித்த தேத்தண்ணியில் அவ்வளவு ருசி. இப்போது நினைத்தாலும் உடம்பு லேசாகிறது.

அதே உடுப்பில்

மாமாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சேதி வந்த நாள் காலையில், அத்தை அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதப் போட்டுக்க."

"வேணாம் அத்தை. இனி நான் இதத் தொடவே மாட்டேன்."

"போடுன்னா போடு. அன்னைக்குப் பாத்த கண்ணெல்லாம் இன்னைக்கும் பாக்கட்டும்."

என்னை உட்கார வைத்து முடியை இறுக்கிப் பின்னினார். ஒரு முழம் கனகாம்பரத்தைச் சுற்றினார். நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு, காதில் அவருடைய தோடு. கொழும்பு டிசைனர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக்கு அந்தச் செம்மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் நானும் மாமாவும் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். மணியண்ணன் ஆட்டோவை விட்டு எழுந்து வந்தார். மாமாவின் கையைப் பிடித்தவர், விடவே இல்லை. சந்திராக்கா சோடாவை உடைத்து மாமாவின் மற்றக் கையில் கொடுத்தார். ஆட்டோ மேலே ஏறும்போது தேயிலைக்குள்ளிருந்து பெண்கள், "செல்வம் அண்ணே" என்று கூப்பிட்டுக் கையசைத்தார்கள். லயத்து வாசலில் சங்கத்துப் பையன்கள் கூச்சத்தோடு நின்றார்கள். "கொடிய கோணலாக் கட்டினீங்களாம்ல?" என்று மாமா கேட்டார். அத்தை ஆரத்தித் தட்டோடு வந்து, அவரை முகத்திலிருந்து கால் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். ஒரு கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு நல்லதாக எந்த உடுப்பும் எனக்கு அமைந்ததில்லை.